பெரட்டு எடுக்கும் அக்கா

கோல சிலாங்கூர் பக்கம் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இப்படி ஓர் அக்கா இருப்பார். (பத்தாங் பெர்ஜுந்தையை ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எழுதி வருஷங்கள் ஆகின்றன, அக்காவிடம் அந்தப் பெயர் செல்லாது.) கித்தா மரம் சீவியவர். கித்தா போய்ச் செம்பனை வந்ததும் மருந்தடித்தவர். இப்போது முழுநேர வேலை, கொலை நாவல்.

படிக்கிறார் என்று சொல்வது தப்பு. பெரட்டு எடுக்கிறார். விடியுமுன் களத்தில் மண்டோர் ஆள் எண்ணுவாரே, அதேதான். எந்த அத்தியாயத்துக்கு யார் வந்தார், யார் மட்டம் போட்டார் என்று அட்டையின் உள்பக்கம் பென்சிலால் கோடு கோடாய்ச் செக்ரோல்.

‘‘இந்த டிரைவர் ரெண்டாவது அத்தியாயத்துல வந்தான், அப்புறம் ஆளக் காணோம். வேலைக்கு வராதவன் வேற எங்கியோ வேலையா இருக்கான் தம்பி.’’

பெரும்பாலும் அவன்தான் கொலைகாரன்.

விஷக் கொலை என்றால் எழுத்தாளர் பாடு திண்டாட்டம். ஒரு கதையில் மருமகள் பாலில் பாராக்குவாட் களைக்கொல்லியைக் கலந்து நீட்ட, மாமனார் சப்புக்கொட்டிக் குடித்தார். அக்கா புத்தகத்தை விசிறிவிட்டார்.

‘‘நீலமா இருக்கும், நாத்தம் குடலப் புடுங்கும். அந்த மனுசனுக்குக் கண்ணு இல்லியா, மூக்கு இல்லியா?’’

2020இல் மலேசியா தடை செய்யும்வரை, தோட்டங்களில் அதைத் தோளில் சுமந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தாம். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் விஷம் படித்தார். அக்கா செம்பனை நிரையில்.

ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா ஆகிய துப்பறியும் ஜோடிகளில் பெண்கள் இருவர்மீதும் அவருக்குப் பிரியம் உண்டு. ‘‘ஆனா கேஸ முடிக்கிறது மட்டும் விவேக்கும் பரத்துமா?’’ என்பதே மனத்தாங்கல். கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளைப் பற்றிச் சொன்னேன்: கல்யாணம் ஆகாத கிழவி, 1930இல் முதல் நாவல், கம்பளி பின்னிக்கொண்டே சந்தேக ஆசாமியைத் தன் கிராமத்து ஆள் யாரோடாவது ஒப்பிட்டுப் பார்த்துக் கொலையைக் கண்டுபிடித்துவிடுவார். அக்கா அசரவில்லை.

‘‘இதுக்கா புத்தகம் போட்டாங்க? நம்ம லயத்துல பைப்படியில நின்னா போதுமே!’’

மாத நாவல் எழுதுவோரே, அடுத்த கொலையை ஈஜோக்கில் வையுங்கள். துப்பறிய அக்கா தயார். விஷத்தை மட்டும் அச்சுக்குப் போகுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.