சாயம் போனால்தான் அசல்

நோட்டு மாற்றத் தெரியாத நாடு ஒன்றைக் காட்டு என்றால், ஜெர்மனியைத்தான் காட்டுவேன். மார்க்கைக் கைவிட்டு 2002இல் யூரோ நோட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் பழைய நோட்டு வைத்திருந்தவனை வெயிலில் நிறுத்தி, ஏது இந்தப் பணம் என்று கேட்டு, விரலில் மை வைத்து அனுப்பியிருக்க வேண்டாமா? இன்றைக்கும் பரணிலிருந்து இறக்கிய மார்க் கட்டோடு போனால், 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ என்று மத்திய வங்கி எண்ணிக் கொடுக்கிறது. கெடு கிடையாது, உச்சவரம்பு கிடையாது. 1,200 கோடி மார்க்குக்கு மேல் இன்னும் திரும்பி வரவில்லை. அதற்காக அங்கே யாருக்கும் தூக்கம் கெடவில்லை. பிரிட்டனிலும் இதே அசட்டுத்தனம்தான். காகித நோட்டு போய் பிளாஸ்டிக் நோட்டு வந்துவிட்டது, ஆனாலும் பழசை எந்தக் காலத்தில் கொண்டுபோனாலும் இங்கிலாந்து வங்கி மாற்றித் தரும். அமெரிக்காவோ 1861 முதல் வெளியிட்ட நோட்டையெல்லாம் இன்னும் செல்லும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறது.

நாம் அப்படிப்பட்ட சோம்பேறிகளா என்ன? 2016 நவம்பர் 8, இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் நாலே மணி நேரத்தில் தீர்ந்தது கதை. அன்று மாலைதான் ரிசர்வ் வங்கியின் மத்திய வாரியம் கூடியிருந்தது. கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, நிலமாகவும் தங்கமாகவும்தான் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. வயிற்றில் கட்டி என்று சீட்டில் எழுதிவிட்டுக் காலை வெட்டச் சம்மதித்த வைத்தியர்கள்!

முன்னேற்பாட்டின் அழகை ஏடிஎம் இயந்திரத்தைத் திறந்தால் பார்க்கலாம். உள்ளே கேசட் என்ற பெட்டியில்தான் நோட்டை அடுக்குவார்கள். நோட்டு என்ன அளவோ அதற்குத் தக்கபடி பெட்டியை அமைக்க வேண்டும். பழைய ஆயிரம் 177 மில்லிமீட்டர் நீளம், 73 அகலம். புதிய இரண்டாயிரம் 166 நீளம், 66 அகலம். பழைய அமைப்பில் புது நோட்டு ஓடாது. நாட்டிலுள்ள இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களுக்கு ஒவ்வொன்றாக ஆள் போய்ப் பெட்டியைத் திருத்த வேண்டியிருந்தது. அதுவும் அறிவிப்பு வந்த பிறகு. கேட்டால், ரகசியம் காக்க வேண்டியிருந்ததாம். யாரிடமிருந்து? அடிஸ்கேலிடமிருந்தா?

நின்று நின்று கால் வீங்கி வாங்கிய இரண்டாயிரத்தை டீக்கடையில் நீட்டினால், "சில்லறையா குடுங்க சார்" என்பார் கடைக்காரர். அவர் என்ன செய்வார்? புது 500 பரவலாகக் கைக்கு வரும்வரை, இரண்டாயிரத்துக்கு அடுத்த படி நூறுதான். பெரிய நோட்டுதான் பதுக்கலுக்கு வழி என்று ஆயிரத்தை ஒழித்தவர்கள், அதைப்போல இரண்டு மடங்கு நோட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். பதுக்குகிறவனுக்கு பீரோவில் பாதி இடம் மிச்சம். போதாக்குறைக்கு, அந்த நோட்டில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும் என்று செய்தி சேனல்கள் வாய் கூசாமல் ஓதின. நோட்டை நனைத்தவர்களுக்குச் சிப் கிடைக்கவில்லை. கையில் மெஜந்தா சாயம்தான் ஒட்டியது. அன்றைய பொருளாதார விவகாரத் துறைச் செயலாளர் சக்திகாந்த தாஸ் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்: சாயம் போகாவிட்டால்தான் அது கள்ளநோட்டு!

சாயம் மொத்தமாக வெளுக்க 2018 ஆகஸ்ட் ஆயிற்று. ஒழிக்கப்பட்ட 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்கே வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை சொன்னது. 99.3 சதவீதம். கறுப்பு என்று ஒன்று இருந்திருந்தால், அது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வங்கியின் முன்வாசல் வழியாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கூலிக்காரரும் கல்யாண வீட்டுக்காரரும். நோட்டடிக்கும் செலவு மட்டும் ஒரே ஆண்டில் 3,421 கோடியிலிருந்து 7,965 கோடிக்கு ஏறியது. அதற்குள் நோக்கமும் மாறிவிட்டது. கறுப்புப் பணம் போய்க் கள்ளநோட்டு, கள்ளநோட்டு போய்த் தீவிரவாதம், கடைசியில் ரொக்கமில்லாப் பொருளாதாரம். அம்பு விழுந்த இடத்தில் வட்டம் போடுகிறவனுக்குக் குறி எப்படித் தப்பும்?

2023 மே 19 அன்று அந்த இரண்டாயிரமும் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்ற ரிசர்வ் வங்கியின் ஆளுநர் யார்? அதே சக்திகாந்த தாஸ். சட்டப்படி நோட்டு இன்னும் செல்லுமாம்; எந்தக் கடையில் வாங்குவார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

பழைய நோட்டு விஷயத்தில் அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. 2017இல் சட்டமே போட்டுவிட்டார்கள். பத்துக்கு மேல் வைத்திருந்தால் குற்றம். பத்தாயிரம் ரூபாய் அல்லது அந்தப் பணத்தைப்போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். 2019இல் திருப்பூர் மாவட்டத்தில் எழுபது வயது தாண்டிய அக்காவும் தங்கையும் வைத்தியச் செலவுக்கென்று சேமிப்பை எடுத்து நீட்டினார்கள். இருவருக்குமாகச் சேர்த்து 46,000 ரூபாய். அத்தனையும் பழைய 500, 1000. செல்லாது என்று அறிவித்து மூன்று ஆண்டு ஆன செய்தி அந்த வீட்டை எட்டவே இல்லை. ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: 2,30,000 ரூபாய். வெளிநாட்டுக்குப் பறந்துபோன கடன்காரர்களைப் பிடிக்க முடியாவிட்டால் பரவாயில்லை. இந்தக் கிழவிகள் எங்கேயும் ஓட மாட்டார்கள். ஆள் அனுப்பி வசூலித்துக்கொள்ளுங்கள்.