கடலோரத்துக்கு வேலைக்குப் போற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. கடலோரத்துல பாழாக் கெடக்குற ஆலை நெலத்தையெல்லாம் புதுசாக்குற திட்டத்துக்கு ஒன்னைய இன்ஜினியரா எடுத்திருக்காங்களாமே! பெண்ணாடத்துக் கெழவனுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்காத. நம்ம வெள்ளாறுதான் பரங்கிப்பேட்டையில போயி கடல்ல உழுவுது. அந்த ஒறவுல நாலு புத்தி சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல பெருசா ஒரு படம் போடு. பச்சைப் பெயிண்ட்டக் கஞ்சத்தனம் பண்ணாம அடி. படத்துல ஆயிரம் மரம் நடு. கரையில நிக்கிற தாழையையும் சவுக்கையும் வெட்டு. கேட்டா "பசுமைத் திட்டம்"னு சொல்லு. பேனர்ல உன் மூஞ்சி சின்னதா இருக்கட்டும், மந்திரி மூஞ்சி பெருசா இருக்கட்டும்.

ரெண்டாவது, சட்டத்த நல்லாப் படி. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல நெருக்கமா இருக்குற கடலோரக் கிராமம்னா, ஓதம் ஏறுற கோட்டுலேருந்து 50 மீட்டர் விட்டாப் போதும். சனம் கம்மின்னா 200 மீட்டர் விடணும். கடல் பொங்கி வரும்போது சென்சஸ் நோட்டப் பாத்துட்டுத்தானே நிக்கும்? நீ பயப்படாத.

மூணாவது, பழங்கதையெல்லாம் மறந்துடு. 1830 வாக்குல ஜோசியா மார்ஷல் ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரன் பரங்கிப்பேட்டையில இரும்பாலை போட்டான். சேலத்துக் கல்லு, காட்டு மரத்தச் சுட்ட கரி. காடு கரியாச்சு, அந்த நூத்தாண்டு முடியறதுக்குள்ள ஆலையும் போச்சு. பெறவு அதே கடலோரத்துப் பெரியகுப்பத்துல நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழும்புச்சு. 2011 டிசம்பர் 30ல தானே புயல் வந்து, நம்ம பக்கத்து முந்திரியச் சாச்ச கையோட அதையும் சாச்சிட்டுப் போச்சு. கம்பெனி கடன்ல முழுவுச்சு. ராத்திரியில இரும்பு திருடுனவனுக்குத்தான் அங்க நெரந்தர வேலை. இப்ப ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் வாங்கியிருக்கு.

நாலாவது, மண்ணத் தோண்டிப் பாக்காத. உள்ள என்னா இருக்குன்னு தெரிஞ்சா உனக்குத்தான் தொந்தரவு. மேல ரெண்டு லோடு செம்மண்ணக் கொட்டி, புல்லப் பதிச்சி, பூங்கான்னு போர்டு மாட்டிடு. விருத்தாசலத்துச் சூளையில வெடிச்ச பொம்மைக்குக் கிளேஸ் பூசி வித்தா எத்தினி நாளு நிக்குமோ, அத்தினி நாளு நிக்கும். அதுக்குள்ள உனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துடும்.

என்னடா முழிக்கிற? வெளயாட்டுப் பேச்சு போதும். ஆலையே வேணாம்னு நான் சொல்லல. நம்ம பயலுவ வேலைக்குத் திருப்பூர் பஸ் ஏறுறத தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு தடவ கெட்டுப்போன நெலத்துலயே புது ஆலைய வை; நல்ல நெலத்தத் தொடாத. ஆனா கெடுத்தவன் காசுல மொதல்ல மண்ணையும் நெலத்தடித் தண்ணியையும் சுத்தம் பண்ணு. மணல்மேட்டயும் ஆத்து வாயயும் பிச்சாவரத்துக் காட்டயும் ஆலை நெலக் கணக்குலயே சேக்காத. வல போடுறவன் எந்த வழியா கடலுக்குப் போவான்னு, படம் போடுறதுக்கு முன்னாடி அவன்கிட்டயே கேளு.

கடைசியா ஒண்ணு. தொறப்பு விழா அன்னிக்கு அந்த எடத்துலயே போர் போட்டுத் தண்ணி எடு. மொத டம்ளர ஒங்க பெரிய ஆபிசர் குடிக்கட்டும். அவரு குடிச்சாத்தான் ரிப்பன் வெட்டணும்; இல்லன்னா கத்திரிக்கோல வாங்கிப் பையில வச்சிட்டு வந்துடு.