இரண்டாம் பாகத்தார்

புத்தகம் படிப்பவர்களில் பல ரகம் உண்டு. கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்பவர்கள் ஒரு ரகம். நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகிவிட்டு அதோடு மறந்துபோகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களால் ஊருக்குப் பெரிய தொல்லை கிடையாது. ஃபேன்டஸி ரொமான்ஸ் தொடர்கள் பெருகிய பிறகு புதிதாக ஒரு ரகம் கிளம்பியிருக்கிறது. அவர்களை ‘இரண்டாம் பாகத்தார்’ என்று அழைக்கலாம்.

அடையாளம் காண்பது சுலபம். தொடரின் முதல் புத்தகத்தை உங்கள் கையில் கொடுக்கும்போதே அதற்காக வருத்தம் தெரிவிப்பார்.

“இது கொஞ்சம் சுமாராத்தான் இருக்கும் சார், பொறுத்துக்கோங்க. ரெண்டாவது புக்லதான் கதையே ஆரம்பிக்குது.”

“அப்ப ரெண்டாவதையே குடுத்துடேம்மா.”

“ஐயையோ! முதலாவது படிக்காம ரெண்டாவது எப்படிப் புரியும்?”

ஆக, முதல் புத்தகத்தின் 400 பக்கங்கள் தர்ம தரிசன வரிசை மாதிரி. நின்றே தீரவேண்டும்.

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் இந்த ரகத்தின் முழு மாதிரி ஒருவர் வசிக்கிறார். ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்க மாதச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்த பிறகும், சாம்பாரில் தொடங்கி டி.வி. சீரியல் வரை எதையும் சும்மா விடமாட்டார். தப்பே இல்லாத படைப்பு என்று அவர் சான்றிதழ் கொடுத்திருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான்: சாரா ஜே. மாஸ் தன் தொடரின் இரண்டாம் பாகமாக 2016-ல் வெளியிட்ட ‘அ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி’.

லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் முதல் பாகத்தின் கதையை முடித்துவிடுவார். அதற்கு அவர் ஒதுக்கும் நேரமே அவ்வளவுதான். ஃபேரா என்று ஒரு பெண், வயது பத்தொன்பது. குடும்பத்தின் பசிக்காக வேட்டைக்குப் போய் ஓர் ஓநாயைக் கொல்கிறாள். அது ஓநாய் இல்லை, ‘ஃபே’ என்ற மாய இனத்தவன். அந்தக் கொலைக்கு ஈடாக, டாம்லின் என்பவன் அவளைத் தன் வசந்த அரசவைக்குக் கூட்டிப்போகிறான். அவன் முகத்தில் முகமூடி, தலைமேல் சாபம். காதல் வருகிறது. அவனுக்காக ஃபேரா மூன்று சோதனைகளைத் தாண்டி, செத்து, பிழைத்து எழுகிறாள். இருவரும் கைகோத்து வீடு திரும்புகிறார்கள். சுபம்.

சாதாரண வாசகர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போவார். இரண்டாம் பாகத்தார் இப்போதுதான் சப்பணம் போட்டு உட்காருவார். லிஃப்ட் கதவில் ஒரு காலை வைத்து மறித்துக்கொண்டு, மீதியைச் சொல்வார்.

இரண்டாம் பாகத்தில் கல்யாணம் நிச்சயமாகிறது. மணமேடையை நெருங்கும்போது பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது. அந்த நேரம் பார்த்து ரீசாண்ட் வந்து நிற்கிறான். இரவு அரசவையின் தலைவன், முதல் பாகத்தில் வில்லன்போல் திரிந்தவன். மாதம் ஒரு வாரம் தன் அரசவைக்கு வரவேண்டும் என்று ஃபேராவிடம் முன்பே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறான். டாம்லினோ, “உன் பாதுகாப்புக்குத்தான்” என்று அவளை வீட்டுக்குள் வைத்து மந்திரத்தால் பூட்டிவிடுகிறான். ரீசாண்ட் அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறான். பயிற்சிக்கு அவன் கொடுக்கும் வாக்கியங்கள் எல்லாம் அவனுடைய புகழ். அடுத்தவன் தற்பெருமையை எழுதி எழுதியே எழுத்தறிவு பெற்ற கதாநாயகி இலக்கியத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

பிறகு வருவது 55-ஆம் அத்தியாயம். அதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார். “ஐம்பத்தஞ்சு” என்று சொல்லிவிட்டு லிஃப்டின் எடை அறிவிப்பைப் படிக்க ஆரம்பிப்பார். இந்த ரகத்தாருக்குள் அந்த எண்ணைச் சொன்னாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

“ஏம்மா, முதல் பாகத்துல அந்த டாம்லின் நல்லவனாத்தானே இருந்தான்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதான் சார் விஷயமே! நாமளும் அவனை நம்பினோம்ல? ரெண்டாவதுல நம்ம கண்ணைத் தொறந்து விடறாங்க. முதல்ல நெனச்சது தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கற தைரியம் வேணும். அந்த தைரியம்தான் சார் இந்த புக்கு.”

நியாயமான கருத்து. தொடரின் முதல் புத்தகம் வாசகரைப் பிடிக்கவேண்டும், கடைசிப் புத்தகம் போர் நடத்திக் கணக்குத் தீர்க்கவேண்டும். நடுவில் இருப்பதற்கு இரண்டு பொறுப்பும் இல்லை. எனவே, சுபம் போட்ட மறுநாள் காலை வீட்டில் என்ன நடந்தது என்று அது நிதானமாகப் பார்க்கலாம். மாஸ் அதைத்தான் 600 பக்கங்களுக்கு மேல் பார்த்திருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வதன் மேன்மையைப் போற்றும் இவர், சொந்த அபிப்பிராயம் ஒன்றைக்கூட மாற்றிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

கல்லூரியில் படித்தபோது அவருக்கு ‘ட்வைலைட்’ பித்து. ஸ்டெஃபனி மேயரின் அந்தத் தொடரில் இரண்டாவது, 2006-ல் வந்த ‘நியூ மூன்’. ரத்தக்காட்டேரிக் காதலன் எட்வர்ட் கதாநாயகி பெல்லாவை விட்டுப் போய்விடுகிறான். அவளுடைய துக்கத்தைக் காட்ட, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதத்தின் பெயரை மட்டும் அச்சிட்டுப் பக்கங்களைக் காலியாக விட்டிருப்பார் மேயர்.

“வெத்துப் பக்கத்துக்கும் சேர்த்தா காசு வாங்கினான்?” என்று அவருடைய அப்பா அப்போது கேட்டாராம்.

“அந்த நாலு பக்கத்தை எத்தனை தடவை படிச்சிருக்கேன் தெரியுமா சார்!” என்றார் இவர்.

அதே புத்தகத்தில்தான் ஜேக்கப் மேலே வருகிறான். பெல்லாவின் துக்கத்தில் கூடவே இருந்து, மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்து கொடுத்து, அவளைத் தேற்றும் ஓநாய்ப் பையன். இரண்டாம் பாகத்தில் வருகிறவனே உத்தமன் என்ற சித்தாந்தப்படி இவர் ஜேக்கப் கட்சியில் அல்லவா இருக்கவேண்டும்? அன்றும் இன்றும் எட்வர்ட் கட்சி. கேட்டால், “அது வேற சார்.”

‘நடு’ எது என்பதிலும் தகராறு உண்டு. மாஸின் தொடர் 2017-ல் மூன்றாவது புத்தகத்தோடு முடிந்திருந்தால் இரண்டாவதுதான் நடு. 2018-ல் ஒரு சிறு புத்தகம், 2021-ல் ஒரு பெரிய புத்தகம் சேர்ந்து ஐந்தானபோது, கணக்குப்படி நடு மூன்றாவதுக்கு நகர்ந்துவிட்டது. அவர் அதை ஏற்கவில்லை. “கணக்கு வேற, கதை வேற” என்று தீர்ப்பளித்துவிட்டார்.

ரெபெக்கா யாரோஸின் டிராகன் தொடரில் முதல் புத்தகம் ‘ஃபோர்த் விங்’ 2023 மே மாதம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது, ‘அயர்ன் ஃப்ளேம்’. அதில் வயலட்டும் ஸேடனும், நீ ரகசியத்தை மறைத்தாய், நீ கேட்கவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டாம் பாகம் குறைபட்டுப்போனது கண்டு இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. “டிராகன் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம் சார். மனுஷங்க வாயத் தொறந்தாத்தான் பிரச்சினை.” தொடர் மொத்தம் ஐந்து என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகவே 2025-ல் வந்த மூன்றாவது, ‘ஆனிக்ஸ் ஸ்டார்ம்’தான் உண்மையான நடு என்று இப்போது சொல்கிறார். கணக்கும் கதையும் இந்தத் தொடரில் மட்டும் ராசியாகிவிட்டன.

அவருடைய அம்மா, ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் மூச்சுவிடாமல் படித்த தலைமுறை. பெண் கதை சொல்லும்போது கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார்.

“அந்த ராத்திரிக்காரனுக்கு சிறகு இருக்குன்னியே, நாற்காலியில எப்படிடி சாய்வான்?”

“அதெல்லாம் மறைச்சுக்கலாம்மா.”

“அது சரி. ஆளை மாத்தணும்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு அறுநூறு பக்கமா?”

இதற்கு மகளிடம் பதில் இல்லை. கீரையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்தக் குடும்பத்தில் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர் கணவர். சாதுவான மனிதர், வங்கி ஊழியர். “ராத்திரி பத்து மணிக்குத் தனியா ஆட்டோல வராதே, நான் வந்து கூட்டிட்டு வரேன்” என்று ஒருமுறை போனில் சொல்லியிருக்கிறார். “டாம்லின் மாதிரி பேசாதீங்க” என்று பதில் வந்தது. டாம்லின் என்பது ஆபீஸ் மேனேஜர் என்று நினைத்து, அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்ச நாள் நல்லவிதமாகவே பேசிக்கொண்டிருந்தார். பிறகு யாரோ விவரம் சொல்ல, பயந்துபோய் முதல் பாகத்தை எடுத்து ரகசியமாகப் படித்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவரைப் பிடித்தேன்.

“எப்படி இருந்தது புத்தகம்?”

“ரொம்ப நல்லா இருந்தது சார். டாம்லின் தங்கமான பையன். கடைசியில ரெண்டு பேரும் சந்தோஷமா வீட்டுக்கு வந்துடறாங்க.”

“ரெண்டாவது பாகம் படிக்கலையா? அதுலதான் கதையே ஆரம்பிக்குதாமே?”

அவர் கொடியில் கிளிப்பை அழுத்தமாக மாட்டினார்.

“தெரியும் சார். அதான் ஆரம்பிக்கவே இல்லை.”