குமாஸ்தா போட்ட கடிதம்

கேள்வி: முன்பின் தெரியாத ஷிப்பிங் கம்பெனி மேலாளர்களுக்கு மெயில் மேல் மெயில் அனுப்புகிறேன். ஒருவரும் பதில் போடுவதில்லையே?
- ஒரு வாசகர், கொற்கை

பதில்: 'மதிப்பிற்குரிய ஐயா, பயோடேட்டா இணைத்துள்ளேன்' என்று ஊருக்கே ஒரே மெயில்தானே? 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜ் கணித வல்லுநர் ஹார்டிக்கு எழுதினார். வேலை, ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்ற சுயபுராணம் சில வரிகளோடு சரி. பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். கேட்டது வேலையல்ல, ஆலோசனை. ஆமாம், ராமானுஜன்தான். அவருக்கே அதற்கு முன் இரண்டு பேராசிரியர்களிடம் பருப்பு வேகவில்லை என்பார்கள்.

உங்களுக்குத் தேற்றம் வேண்டாம். அந்தக் கம்பெனியின் கன்டெய்னர் தூத்துக்குடியில் எங்கே, ஏன் தேங்குகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். விலகிப்போன கடலுக்காகப் பழைய துறைமுகமான உங்கள் கொற்கை காத்திருப்பதுபோல் சும்மா இராமல், பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் போடலாம். தினமும் போட்டால் ஸ்பாம் பெட்டிதான் உங்கள் நிரந்தர முகவரி!