பகலில் உண்ணாதவன் பருத்த வரலாறு: பாத்திரக் கடைக் கணினியின் நினைவகக் கசிவு குறித்த அளவையியல் ஆய்வு

1. ஆய்வுக் களம்

இவ்வாய்வின் களம் என் தாய்மாமனின் வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், தாம்பாளம், ஜமுக்காளம் முதலியன இங்கிருந்து கல்யாண வீடுகளுக்குப் போகும். பெரும்பாலும் திரும்பியும் வரும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கணினி. அதில் ஓடும் பில் புரோகிராமைப் பைத்தானில் எழுதியவன் இக்கட்டுரையாசிரியனே. ஆய்வாளனுக்கும் ஆய்வுப் பொருளுக்கும் நடுவே தக்க தொலைவு வேண்டும் என்று அறிஞர்கள் குறை சொல்லலாம். தொலைவு இருந்திருந்தால் மாமா வாரந்தோறும் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்க மாட்டார்.

சிக்கல் இதுதான். திங்கட்கிழமை காலை கடை திறந்தால் திரை உறைந்து கிடக்கும். பில் விழாது, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பதில் இராது. மற்ற ஆறு நாளும் ஒரு குறையும் இல்லை. கணினியை இரவில் அணைக்கும் வழக்கம் மாமாவுக்குக் கிடையாது. கல்லா விளக்கும் கணினியும் அவருக்கு ஒரே சாதி.

2. சொல்லாராய்ச்சி

'நினைவகக் கசிவு' என்பது பொருந்தாப் பெயர். குழாய் கசிந்தால் தொட்டி குறையும், தரை நனையும். இங்கே ஒரு பைட்கூடக் கணினியை விட்டு வெளியேறுவதில்லை. புரோகிராம் இயங்குதளத்திடம் கொஞ்சம் இடம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தராமல் புதிதாக இன்னும் கொஞ்சம் கேட்கிறது. ஆக, இது கசிவன்று. இரவல் வாங்கித் திருப்பாமை. இத்துறைக்கு உகந்த ஆய்வுக்கூடம் பாத்திரக் கடையே என்பது இதனால் பெறப்படும்.

மாமாவின் பேரேட்டில் 'வராதவை' என்று தனிப் பக்கம் உண்டு. அண்டாக்களில் பெயர் வெட்டியிருக்கும். சி மொழிக்காரர்கள் 2002 முதல் வால்கிரைண்ட் என்ற கருவியைக் கொண்டு செய்வதும் இதே வேலைதான். எந்த வரி எவ்வளவு இடம் வாங்கியது என்று அது பெயர் வெட்டி வைத்துக்கொள்ளும். முடிவில் திரும்பாதவற்றை 'உறுதியாகத் தொலைந்தவை', 'தொலைந்திருக்கக்கூடியவை', 'இன்னும் கைக்கு எட்டுபவை' என்று வகை பிரிக்கும். கடைசி வகை கேட்க நிம்மதியாகத் தோன்றும். மாமா அதற்குத் தரும் விளக்கம் வேறு: "யார் வீட்ல இருக்குன்னு தெரியும் மாப்ளே. கேக்கத்தான் முடியல."

3. முன்னோர் பட்ட பாடு

1992இல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினியில், வண்டி ஒன்றை அனுப்பும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு நினைவகத்தை எடுத்துத் திருப்பாத நிரல்துண்டு ஒன்று ஒளிந்திருந்தது. ஏறத்தாழ மூன்று வாரம் அது சேர்த்துவைத்ததில் சர்வர் நிரம்பி, நவம்பர் 4 அதிகாலையில் எல்லாம் நின்றது. ஊழியர்கள் மறுபடி காகிதத்தைக் கையிலெடுத்தார்கள்.

2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் மேகக் கணிமையில் நேர்ந்தது இன்னும் நுட்பமானது. அங்கே தின்றது, சேமிப்பு சர்வர்களின் நலத்தைக் கவனித்துத் தகவல் அனுப்பும் சிறு நிரல். தகவல் வாங்கும் சர்வர் ஒன்று மாற்றப்பட்டிருந்தது. புதிய முகவரி எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. சேராதவை பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தன; அப்படித் தட்டத் தட்டக் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகத்தைத் தின்றன. பந்திக்குக் காவல் நின்றவனே இலை போட்டு உட்கார்ந்த கதை.

4. அளவைகள்

ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகளை அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பத்து வரை எண்ணுகிறது. பாத்திரக் கடைக்கு ஆறு போதும்.

உரை. பெரியோர் வாக்கு. மாமா சொன்னார்: "திங்கக்கிழமை ஏழரை ஒம்பது ராகு காலம். அந்த நேரத்துல எதுதான் உருப்படும்?" இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தரவுகள் முழுவதும் மாமா பக்கம் இருந்தன. ஒரு திங்கள்கூடத் தவறியதில்லை.

ஐதிகம். தொன்றுதொட்டு வரும் மரபு. இத்துறையின் மரபு, அணைத்துப் போடுவது. படித்தவர்கள் இதை ஏளனம் செய்வர். ஆனால் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, சில ஏர்பஸ் ஏ350 விமானங்களின் மின்சாரத்தைத் தொடர்ந்து 149 மணி நேரம் ஆகுமுன் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்று 2017இல் ஆணையே பிறப்பித்தது. அங்கே நோய் வேறு, மருந்து ஒன்றே. மாமாவும் அணைத்துப் போடுவார். ஆனால் ராகு காலத்தில் சுவிட்சைத் தொடமாட்டார். ஒன்பது அடித்த பிறகுதான்.

காட்சி. கண்ணால் காண்பது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி என்ற பத்தியில் எண் ஏறத்தான் செய்தது, ஆனால் மெல்ல. கணினியைச் சாய்க்கும் அளவுக்கு இல்லை. உறைந்த திரையில் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. மூலையில் நான் வைத்திருந்த கடிகாரமும் உறைந்திருந்தது. அது காட்டிய நேரம் 6:38. அடுத்தடுத்த வாரங்களிலும் ஓரிரு நிமிடம் முன்பின்னாக அதே நேரம். ராகு காலம் தொடங்குவது 7:30க்கு. சம்பவம் நடந்தபோது ராகு வேலைக்கே வந்திருக்கவில்லை.

கருதல். புகை கண்டு நெருப்பை ஊகித்தல். பில் போடும்போதெல்லாம் ஏதோ தங்குகிறது என்று ஊகித்தேன். அப்படியானால் முகூர்த்தம் நிறைந்த தையில் சீக்கிரம் சாக வேண்டும்; கல்யாணமே இல்லாத மார்கழியில் நீடித்து வாழ வேண்டும். இரண்டு மாதமும் அதே திங்கள், அதே 6:38. கணினிக்கு முகூர்த்த நாள் தெரியவில்லை.

பொருள். அளவை நூலோர் தரும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான். என் புரோகிராமும் பில் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே வேகத்தில் பருத்தது. ஷட்டர் இறங்கிய பின்னும், யாரும் தொடாத போதும், அது எதையோ உண்கிறது. அப்படி ஓயாமல் உண்பது எது?

ஒழிபு. ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சுவதைப் பிடித்தல். அச்சுப் பகுதியை எடுத்தேன், பருத்தது. தேடலை எடுத்தேன், பருத்தது. தானே நகலெடுக்கும் பகுதியை எடுத்தேன், பருத்தது. எஞ்சியது கடிகாரம். டாஸ்க் மேனேஜரில் வழக்கமாக மறைந்திருக்கும் 'யூசர் ஆப்ஜெக்ட்ஸ்' என்ற பத்தியை வெளியே கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக நிமிடத்துக்கு ஒன்று கூடியது.

5. துணிபு

நிமிடம் மாறும்போது பழைய லேபிளில் எழுத்தை மாற்றியிருக்க வேண்டும். நான் எழுதிய வரியோ புதிதாக ஒரு லேபிளைச் செய்து பழையதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. 6:37க்கு மேல் 6:38, அதற்கு மேல் 6:39. மேலே இருப்பது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் என்பதால் காட்சி அளவை இங்கே தோற்றது. ஒவ்வொரு லேபிளும் விண்டோஸின் கணக்கில் ஒரு சன்னல். ஒரு புரோகிராம் இத்தகைய பொருள்களை 10,000 வரைதான் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் வழக்கமான வரம்பு. நினைவகம் தீருமுன் இந்த வரம்பு தீர்ந்துவிட்டது.

புரோகிராம் பிறக்கும்போதே 62 வைத்திருந்தது. மிச்சம் 9,938. நிமிடத்துக்கு ஒன்று வீதம், 6 நாள் 21 மணி 38 நிமிடம். ஏர்பஸ்ஸைவிட 16 மணி 38 நிமிடம் கூடுதலாக ஓடியது என்பதை அடக்கத்துடன் பதிவுசெய்கிறேன். திங்கள் ஒன்பது மணிக்குப் போட்டால் அடுத்த திங்கள் 6:38க்கு நிற்கும். வாரம் முடிய எஞ்சும் 2 மணி 22 நிமிடத்தையும் மாமா ராகு காலத்துக்குப் பயந்து கடத்திவிட்டு மறுபடி ஒன்பதுக்கே போடுவார். ஆக ராகு குற்றவாளி அல்லர். ஆனால் கிழமை பிசகாமல் பார்த்துக்கொண்டவர் அவரே.

இங்கே ஒரு தடை எழும். பைத்தானில் வேண்டாததைத் தானே பெருக்கித் தள்ளும் ஏற்பாடு உண்டே; ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காகக் கண்ட அந்த முறை 1960இலேயே அச்சேறிவிட்டதே என்பர். விடை: குப்பை வண்டிக்காரர் தெருவில் கிடப்பதைத்தான் அள்ளுவார். பரணில் கிடப்பது குப்பையே என்றாலும் வீட்டுக்காரர் உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கும்வரை தொடமாட்டார். என் லேபிள்கள் ஒவ்வொன்றையும் தாய்ச் சன்னல் 'என் பிள்ளை' என்று பட்டியலில் வைத்திருந்தது.

6. பின்னுரை

ஒரு வரியைத் திருத்தினேன். பத்தி 63இல் நின்றது. மாமாவிடம் அளவைகள் ஆறையும் வரிசையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சோறு ஆனதும் அண்டாவைக் கழுவி அதுலயே அடுத்த உலை வைக்காம, நிமிசத்துக்கு ஒரு புது அண்டா எறக்கியிருக்க. அதானே?" என்றார். அதேதான். கல்லாவுக்கு நேர் எதிரே சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறது என்பதையும், கணினியில் மணி காட்டச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பதையும் அப்போதுதான் நினைவூட்டினார்.

பிறகு பேரேட்டைத் திறந்து, 'வராதவை' பக்கத்தில், மண்டபத்துக்குப் போன நான்கு கரண்டிகளுக்குக் கீழே எழுதினார்: மருமகன், வாரத்துக்கு 9,938.