இருந்திருந்தா அண்ணன்

கிரிக்கெட் குழு இருக்கும் ஊர் எதுவாயினும், அந்தக் குழுவில் தாம் ஆடாவிட்டாலும் யார் ஆட வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை தமக்கே உரியது என நம்பும் ஒருவர் அங்கே இருப்பார் என்பது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான உண்மை. நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த கரியமாணிக்கத்திலும், அதன் அக்கம்பக்கத்தில் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் பரவிக் கிடக்கும் ஊர்களிலும் இவ்வகையினர் தேநீர்க் கடை பெஞ்சின் ஓரத்தில், நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் தனியே உருவி வைத்துக்கொண்டு காணப்படுவர். (கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவு; ஆட்சி போனபின்னும் பெயர் போகவில்லை.) வயது நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் இருக்கும், மட்டையைத் தொட்டுப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகியிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் நேரில் 'அண்ணா' என்றும், அவர் தலை மறைந்தபின் 'இருந்திருந்தா அண்ணன்' என்றும் இவரை அழைப்பதற்குக் காரணம், தோற்ற ஆட்டம் எதைப் பற்றிப் பேசினாலும் அவர் "அவன் மட்டும் இருந்திருந்தா..." என்றே தொடங்குவதுதான்.

இவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான்: புகழ்பெற்ற மூத்த ஆட்டக்காரர் ஒருவர் கிடைப்பாராயின், அவருடைய முழங்கால், தோள், இடுப்பு, முதுகு ஆகியவற்றில் எது பழுதாகியிருந்தாலும், எப்பாடு பட்டேனும் அவரை அணிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். பெரிய அணிகள் ஒரு வீரரைக் கொடுத்து இன்னொரு வீரரை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'டிரேட்' என்று பெயர். கரியமாணிக்கத்தில் கொடுப்பதற்கு வீரர் மிச்சமில்லையாதலால், பொங்கலை ஒட்டி அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட்டுகளுக்கு வெளியூரிலிருந்து 'கெஸ்ட் பிளேயர்' அழைத்துவரப்படுகிறார். கெஸ்ட் பிளேயர் என்பவர் ஊர்க்காரர் அல்லாத, பெட்ரோல் காசும் மதியப் பிரியாணியும் பெற்றுக்கொண்டு, ஒரு நாளைக்கு மட்டும் ஊர்க்காரராக ஒப்புக்கொள்ளப்படுகிற ஆட்டக்காரர்.

அண்ணன் பரிந்துரைக்கும் கெஸ்ட் பிளேயர் எப்போதும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவராகவே இருக்கிறார். ஒரு காலத்தில் சுற்றுவட்டார மட்டையாளர்களை நடுங்கவைத்த வேகப்பந்து வீச்சாளர். இப்போது கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் வேலை. மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலிருந்து இறங்கும்போது முதலில் நல்ல காலைத் தரையில் ஊன்றி, ஓட்டிவந்த பையனின் தோளைப் பற்றிக்கொண்டு, மற்றக் காலை இரண்டு கைகளாலும் தூக்கி இந்தப் பக்கம் கொண்டுவருவார். பிறகு வரப்பில் உட்கார்ந்து, பேன்ட்டை முட்டிவரை சுருட்டி, இழுவை விட்டுப்போன பழுப்பு நிற முட்டி பெல்ட்டை மாட்டி, ஸ்பிரே அடிப்பார். எதிரணியினர் அந்த வாசனையிலிருந்தே யார் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வதுண்டு.

காயத்தைப் பற்றிய அண்ணனின் மருத்துவ அறிவு தனியே ஆராயத் தக்கது. எலும்பை எலும்போடு பிணைக்கும் லிகமென்ட் என்னும் நார் கிழிந்துவிட்டது என்று ஜிப்மர் மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தாலும், "தேஞ்சது முட்டிதான? ஆட்டமா தேஞ்சிடுச்சி?" என்பது அவருடைய மறுப்பு. ஆந்திரத்துப் புத்தூரிலிருந்து பெயர் பெற்று ஊர் தோறும் பலகை மாட்டியிருக்கும் புத்தூர்க் கட்டு மூன்று சுற்றுப் போட்டால் எந்த நாரும் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் முடிபு. அக்கட்டு எலும்பு முறிவுக்கானது என்று யாராவது நினைவூட்டினால், எலும்புக்கே ஒட்டுகிறபோது நாருக்கு ஒட்டாதா என்று திருப்பிக் கேட்பார். இதற்கு எலும்பியல் நூல்களில் விடை இல்லை.

அண்ணன் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் ஐ.பி.எல். போட்டியில் ஆடும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியிலிருந்து எடுக்கப்பட்டவை. அவை மெய்யானவை என்பதால்தான் அவரோடு வாதிடுவது கடினமாகிறது. 2018 ஏப்ரல் 7 அன்று மும்பையில், தொடைத் தசை கிழிந்து வெளியேறியிருந்த கேதார் ஜாதவ், ஒன்பது விக்கெட்டுகள் விழுந்தபின் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, கடைசி ஓவரில் ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஒரு பந்து மீதமிருக்க ஆட்டத்தை முடித்தார். அதன்பின் அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை என்பதையும், அவருக்கு 7.8 கோடி ரூபாய் கொடுக்கப்பட்டிருந்தது என்பதையும் அண்ணன் சேர்த்துச் சொல்வதில்லை. 2019 மே 12 இறுதியாட்டத்தில் ஷேன் வாட்சன் முழங்காலில் ரத்தம் கசிய 80 ஓட்டங்கள் எடுத்தார் என்பது அடுத்த சான்று. ஆட்டம் முடிந்தபின் ஆறு தையல் போடப்பட்டது; சென்னை ஒரே ஓட்டத்தில் தோற்றது. தோல்வியை அண்ணன் இங்கே ஒப்புக்கொள்கிறார், ஏனெனில் ரத்தம் வந்த ஆட்டத்தில் தோற்பது அவருடைய கணக்கில் தோல்வியாகாது.

அதே அணியில் ஆடிய ரவீந்திர ஜடேஜா இவருக்கு முதன்மைச் சான்று. 2022 செப்டம்பரில் முழங்காலில் அறுவை செய்துகொண்டவர், 2023 மே மாத இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். அப்படிப்பட்டவரை 2025 நவம்பரில், 36 வயதில், சாம் கரனோடு சேர்த்து ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டுச் சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியபோது, பதினெட்டுக் கோடியாக இருந்த ஜடேஜாவின் தொகை பதினான்காகக் குறைந்ததை அண்ணன் தம் குடும்பத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்.

இதற்கு எதிரான சான்றுகளும் அதே அணியிலேயே உண்டு. ஆனால் அவை அண்ணனிடம் செல்லுபடியாவதில்லை. 2022-இல் தீபக் சாஹரைப் பதினான்கு கோடிக்கு எடுத்தார்கள். காயத்தால் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை, அணி பத்தில் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. "பாத்தியா? சாஹர் இருந்திருந்தா?" என்பது அண்ணனின் தீர்ப்பு. மறு ஆண்டு பென் ஸ்டோக்சை 16.25 கோடிக்கு எடுத்தார்கள். இரண்டு ஆட்டங்களில் பதினைந்து ஓட்டங்கள், வீசிய ஒரே ஓவரில் பதினெட்டு ஓட்டங்கள் கொடுத்தது, அவ்வளவுதான். எடுத்த ஓட்டம் ஒன்றுக்கு ஒரு கோடிக்கு மேல் விழுந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டிய கல்லூரிப் பையனிடம், "கப்பு வந்துச்சா இல்லியா? அவன் வந்து குந்துனாலே போதும்டா தம்பி" என்றார்.

ஆடுகிறவர் தோற்கலாம், பந்து வீசுகிறவர் அடிவாங்கலாம், கட்டுப் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் மட்டும் தோற்பதே இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய பந்தின் வேகம் பிறர் நினைவில் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே காயம் என்பது அண்ணனின் கொள்கைக்கு இடையூறு அன்று, அதுவே அதன் காப்பீடு. நட்சத்திரம் ஆடி வென்றால் சொன்னது பலித்தது. ஆடாமல் அணி தோற்றால் சொன்னது இரட்டிப்பாகப் பலித்தது. முழு உடல்நலத்தோடு ஆடித் தோற்கும் மூத்த ஆட்டக்காரர் ஒருவரே இவருடைய வாதத்தை உடைக்கக்கூடியவர். அத்தகையவரை இவர் பரிந்துரைப்பதே இல்லை.

ஊர் ஆட்டத்தின் அமைப்பும் இவருக்குச் சாதகமானது போலத் தோன்றி ஏமாற்றும். ஆறு ஓவர் ஆட்டத்தில் ஒருவர் இரண்டு ஓவர் வீசினால் போதும், அதற்கு எந்த முட்டியும் தாங்கும் என்பது உண்மை. ஆயினும் இந்த டோர்னமென்ட்டுகளில் வென்ற அணி அதே நாளில் மறுபடியும் ஆட வேண்டும்; காலையில் நட்சத்திரம் ஆட்டத்தை வென்று கொடுத்ததாலேயே நட்சத்திரத்தின் முட்டி தாங்காத பிற்பகல் ஆட்டம் ஒன்று அணியின் தலையில் வந்து விழுகிறது. அப்போது அவர் மட்டை பிடிக்க, 'பை-ரன்னர்', அதாவது காயமடைந்தவருக்காக ஓடுபவர், ஒருவர் நிறுத்தப்படுவார். பன்னாட்டு ஆட்டங்களில் இவ்வழக்கத்தை 2011-இல் ஒழித்துவிட்டார்கள். கரியமாணிக்கத்துக்கு அந்தச் சுற்றறிக்கை இன்னும் வந்து சேரவில்லை. பழக்கதோஷத்தில் நட்சத்திரமும் ஓட, ரன்னரும் ஓட, எதிர்முனைக்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நடுவில் நிற்க, மூவரில் யார் ரன் அவுட் என்பதைத் தீர்க்கவே அரைமணி நேரம் பிடிக்கும்.

நியாயமாகப் பார்த்தால், அண்ணனின் கொள்கை பலித்த இடமும் அருகிலேயே இருக்கிறது. 2018-இல் புதுச்சேரி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் இறங்கியபோது, விதிகள் அனுமதித்த வெளிமாநில வீரர்களாக மும்பையின் அபிஷேக் நாயர், இமாச்சலத்தின் பாரஸ் டோக்ரா, ராஜஸ்தானின் பங்கஜ் சிங் ஆகியோர் வந்தார்கள். மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். பங்கஜ் சிங் புதுச்சேரிக்காக ஆடும்போதுதான் ரஞ்சியில் 400 விக்கெட் எடுத்த முதல் வேகப்பந்து வீச்சாளர் ஆனார். அடுத்த பருவத்தில் கர்நாடகத்தின் வினய் குமாரும் வந்து சேர்ந்தார். அவர்கள் வந்தது நாற்காலியில் உட்காருவதற்காக அன்று. நாள் முழுதும் ஓடிவந்து பந்து வீசினார்கள், உள்ளூர்ப் பையன்கள் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்றார்கள். மூத்தவர் வேறு, முடியாதவர் வேறு என்ற இந்த வேறுபாட்டை அண்ணன் ஏற்பதில்லை. வில்லியனூரை அடுத்த துத்திப்பட்டு மைதானத்துக்கு அவர்களைக் கொண்டுவந்த யோசனையே தேநீர்க் கடையில் தாம் சொன்னதுதான் என்கிறார்.

ஹாக்கியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் இவர் குரல் தணிகிறது. புனேயை அடுத்த கிர்க்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, 1992 முதல் நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடியவர், 1998-இல் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற அணியின் தலைவர். 2004-இல் 36 வயதில் ஏதென்சுக்குச் சென்றார். ஜெர்மானியப் பயிற்சியாளர் கெர்ஹார்ட் ராக் அவரைக் குறைவாகவே களமிறக்கினார். இந்தியா ஏழாம் இடம் பெற்றது. அழைத்துச்சென்றுவிட்டு உட்காரவைப்பது இரண்டு தரப்பாருக்கும் நட்டம் என்று இங்கே அண்ணன் சொல்வது சரியாகவே இருக்கிறது, அதைத் தம் கெஸ்ட் பிளேயருக்குப் பொருத்திப் பார்க்காத வரையில்.

மூட்டுவலிக்காரருக்காக ஓர் ஆட்டத்தையே மாற்றியமைத்த வரலாறும் உண்டு. பிரான்சின் தென்கடற்கரை ஊரான லா சியோத்தாவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜூல் லெனுவார் என்ற தேர்ந்த குண்டாட்டக்காரர் வாத நோயால் ஓடிவந்து எறிய முடியாமல் போனபோது, நண்பர்கள் ஓட்டத்தையே நீக்கி, வட்டத்துக்குள் நின்றபடி எறியும் பெத்தாங்க் ஆட்டத்தை உண்டாக்கினார்கள். புதுச்சேரியில் அது இன்றும் ஆடப்படுகிறது. இதைக் கேள்விப்பட்ட அண்ணன், கிரிக்கெட்டிலும் நின்ற இடத்திலிருந்தே பந்து வீச அனுமதிக்கலாமே என்று டோர்னமென்ட் கமிட்டியிடம் கேட்டார். அது ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டதுதான், பந்து மட்டும் எதிர்முனைக்குப் போய்ச்சேர வேண்டும் என்று கமிட்டி பதிலளித்தது.

குழுவின் நோட்டுப் புத்தகத்தை வைத்திருக்கும் பையன் நுழைவுக் கட்டணம், பந்து, பிரியாணி, பெட்ரோல் என்று கூட்டிக் காட்டி, "ண்ணா, உங்க பங்கு எவ்ளோ எழுதட்டும்?" என்று கேட்கும் வேளையில் அண்ணனுக்குப் பால் சொசைட்டிக்கு நேரமாகிவிடும், இது எல்லாப் பருவங்களிலும் மாறாதது. மாறியது ஒரே ஒருமுறை. நட்சத்திரமே தொலைபேசியில் பேசி, தம்மால் ஆட முடியாது, வேண்டுமானால் அம்பயராக வந்து நிற்கிறேன் என்றார். பையன்களுக்கு மகிழ்ச்சி, செலவும் மிச்சம். அண்ணன் மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார்: "அம்பயரா? ஏம்பா, நாள் பூரா வெயில்ல நிக்கணுமே, அவன் முட்டி என்னாத்துக்கு ஆவும்?"