பழம்பெட்டித் திருப்பணி: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

“சித்தப்பா, ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டா போதும்.”

2024 மே மாத விடுமுறையில் அண்ணன் மகன் சொன்ன இந்த வாக்கியமே இவ்வாய்வின் கருதுகோள். இதில் ‘மட்டும்’ என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாம் உண்மை என்று நிறுவுவதே கட்டுரையின் நோக்கம். இடைச்சொல் தனித்து நின்று பொருள் தராது என்பார்கள் இலக்கண ஆசிரியர்கள். கணினிக் கடையில் இந்த ஓர் இடைச்சொல் தனித்து நின்றே பில் தரும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 2012 முதல் இருந்துவரும் அசெம்பிள்டு கணினி. கோர் ஐ3 2100 பிராசஸர், எச்61 போர்டு, இரண்டு 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், பதினெட்டரை அங்குல மானிட்டர். இலக்கு, ஜிடிஏ 5. வரம்பு, பத்தாயிரம் ரூபாய். அண்ணிக்குத் தெரியக்கூடாது என்று இன்னொரு வரம்பும் இருந்தது. முதல் வாரத்திலேயே அது கைவிடப்பட்டது.

முதலில் பெயராய்வு. இந்தப் பெட்டி முழுவதையும் நாம் ‘சிபியு’ என்றே வழங்குகிறோம். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்வதும் ‘சிபியு’தான். உண்மையில் சிபியு என்பது உள்ளே விசிறிக்கு அடியில் கிடக்கும், தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சில்லு. உறுப்பின் பெயர் முதலுக்கு ஆகி வந்ததால் இது சினையாகுபெயர் என்பது ஒரு சாரார் கொள்கை. உள்ளே இருப்பதன் பெயர் அதைத் தாங்கும் கலத்துக்கு வந்ததால், ‘பாலை இறக்கு’ என்பதுபோலத் தானியாகுபெயரே என்பது மறுசாரார் கொள்கை. பிராசஸரைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் வெறும் தகரப் பெட்டியைக் காட்டி “அந்த சிபியுவ ஓரமா வைங்க” என்று அண்ணி சொன்னதால் இரண்டு கொள்கைகளும் ஒருசேர வீழ்ந்தன.

அடுத்து, கடலூருக்கும் சுடும் விளையாட்டுக்கும் உள்ள தொன்மைத் தொடர்பு. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, சுற்றியுள்ள நிலத்துக்கு எல்லைக்கல் நடவில்லை. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்கு. அப்படிச் சிக்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் அந்தக் குண்டு இன்றும் கிடக்கிறது. இப்படி ஒரு ஒப்பந்தம் போட்டவர்கள் கைக்குக் கிடைத்த பீரங்கியையா வைத்துச் சுட்டிருப்பார்கள்? கருவி பெரிதானால் தேசம் பெரிதாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜிடிஏ போன்ற விளையாட்டுகளில் ‘டிரா டிஸ்டன்ஸ்’ என்று ஒன்று உண்டு. எவ்வளவு தொலைவு வரை கட்டடமும் மலையும் திரையில் வரையப்பட வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். கார்டு இளைத்தது என்றால், நாம் முட்டிக்கொண்ட பிறகுதான் எதிரே சுவர் முளைக்கும். எங்கள் பெட்டியில் சுட்ட குண்டு உப்பலவாடிக்குப் போகவில்லை. கோட்டை வாசலிலேயே விழுந்தது.

இனிக் களப்பணி. பக்கத் தகட்டின் திருகுகள் துருவேறி இறுகியிருந்தன. கடற்கரை ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. கிரில் கதவுக்கும் கேபினெட்டுக்கும் உப்புக்காற்று பேதம் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு கைப்பிடித் தூசும் பல்லி முட்டை ஓடு இரண்டும் கண்டெடுக்கப்பட்டன. ரேமின் பொன்னிறப் பற்கள் கறுத்திருந்தன. அவ்வப்போது மூன்று முறை ‘பீப்’ அடித்துவிட்டுப் பெட்டி மௌனமாகிவிடுவதற்கு அதுவே காரணம். இதற்கு நம் சர்வீஸ் கடைகளில் குரு சிஷ்ய மரபாக வழங்கிவரும் சிகிச்சை, பென்சில் ரப்பரால் தேய்ப்பது. எங்களுக்கு உதவியது நடராஜ் ரப்பர். தில்லைக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு வேறு ரப்பரைத் தேடுவது முறையாகாது.

போர்டின் பொத்தான் செல்லும் தீர்ந்துபோயிருந்தது. அதனால் பெட்டி ஒவ்வொரு நாளும் எஃப்1 அழுத்தச் சொல்லி, தேதியை 2012 ஜனவரி 1 என்று காட்டிவந்தது. தானே புயல் கடலூரில் கரையேறியது 2011 டிசம்பர் 30. ஆக, எங்கள் கணினி தினமும் புயலுக்கு இரண்டாம் நாளில்தான் கண் விழித்திருக்கிறது. அன்றைக்குக் கடலூரில் கரன்டே இல்லை. இந்த முரணைக் களைய முப்பது ரூபாய் செலவானது.

அண்ணன் மகன் டார்ச் அடித்துக் காட்டினான். கார்டு செருகும் நீளமான ஸ்லாட், பன்னிரண்டு ஆண்டுகளாக ஒன்றும் இல்லாமல். சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டும் ரகசியமும் வெட்டவெளிதான். அங்கே தங்க வில்வமாலை தொங்கும், இங்கே ஒட்டடை.

கருதுகோள் இந்த இடத்தில்தான் முதல் அடி வாங்கியது. ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் 75 வாட். பையன் ஆசைப்பட்ட ஆர்எக்ஸ் 580க்கு வேண்டியது 185 வாட். அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். எங்கள் எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருந்தது. கடைக்காரர் அதைப் படிக்கவேயில்லை. உள்ளங்கையில் வைத்து, தேங்காய் வாங்குபவர்போல் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். “வெயிட்டே இல்ல சார். தாங்காது.” உள்ளே செம்பும் டிரான்ஸ்ஃபார்மரும் குறைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் வாட் பொய். இவ்வளவு சுருக்கமான ஆய்வுமுறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கார்டு ‘மட்டும்’ என்று தொடங்கியவர்கள் முதலில் வாங்கியது எஸ்எம்பிஎஸ்.

கார்டாக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ முடிவாயிற்று. 2016இல் வந்த அது 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதற்கு ஐ3 ஈடுகொடுக்காது, இரண்டே கோர். ஆகவே நான்கு கோர் உள்ள ஐ5 3470. ஜிடிஏ 5க்குப் பரிந்துரைக்கப்பட்ட பிராசஸரும் அதுவே. ரேம் 8 ஜிபி வேண்டும். போர்டில் ஸ்லாட் இரண்டே இரண்டு, இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள். இருவரையும் எழுப்பிவிட்டுத்தான் புதியவர்களை உட்கார வைக்க முடியும்.

பழம்பொருள் சேகரிப்பில் எங்களுக்கு முன்னோடி உ.வே.சா. சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர். ஏட்டுக்காக ஊர் ஊராக அலைந்தவர். நாங்கள் டிடிஆர்3க்காகவும் கார்டுக்காகவும் அலைந்தோம். புதுச்சேரிக்கு ஒரு பஸ், சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு ரயில். கடைசியில் கார்டு அகப்பட்டது சிதம்பரத்தில்தான். அண்ணாமலைநகரில் படிப்பு முடித்து ஊருக்குக் கிளம்பும் மாணவர் ஒருவர் தன் கார்டைப் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

ஏட்டுக்குப் பாடபேதம்போலக் கார்டுக்கும் உண்டு. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு உள்ளன. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது. மறு ஆண்டு வந்தது டிடிஆர்4. பின்னதன் நினைவக வேகம் முன்னதில் பாதிகூட இல்லை. அட்டைப்பெட்டியில் பெயரை மட்டும் படிப்பவர் ஏமாறுவார். இதை இடைச்செருகல் என்று கொள்வதே தகும்.

காலம் கருதுதல் பற்றியும் இரு பள்ளிகள் உண்டு. இன்றே வாங்கு என்பது ஒன்று. விலை இறங்கட்டும், நாளைக்குப் போகலாம் என்பது மற்றொன்று. பின்னதை நந்தனாரின் பெயரால் திருநாளைப்போவார் மரபு எனலாம். 2021இல் ஈதர் நாணயம் தோண்டுபவர்கள் கார்டுகளை வாரிக்கொண்டு போனபோது இம்மரபினர் கேலிக்கு உள்ளானார்கள். 2022 செப்டம்பரில் ஈதரியம் அந்தத் தோண்டும் முறையையே கைவிட்டதும் கார்டுகள் பழைய சந்தையில் கொட்டின. பொறுத்தவர்கள் கார்டு ஆண்டார்கள். நான் இந்த மரபினன். சோம்பல்தான் காரணம் என்றாலும்.

திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்ய வேண்டும். அதாவது, கல்யாண போட்டோக்களையும் அண்ணியின் சீட்டுக்கணக்கையும் வேறு இடத்தில் எழுந்தருளச் செய்வது. பழைய ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தமிட்டுக்கொண்டே கொடுத்தது. நாற்பது போட்டோ திறக்கவில்லை. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கரையான் அரிக்க, ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி எஞ்சியதை மீட்டார் என்பது மரபுவழிச் செய்தி. பேக்கப் எடுக்காததன் விளைவு இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுகளாகவே தெரிந்த ஒன்று. நாங்கள்தான் படிக்கவில்லை. எஸ்எஸ்டி ஒன்று வாங்கினோம். இந்தப் போர்டில் அது முழு வேகத்தில் ஓடாது, பாதிதான். அந்தப் பாதிக்கே விண்டோஸ் இருபது விநாடியில் வந்து நின்றது. மொத்தச் செலவில் கண்ணுக்குத் தெரிந்த பலன் இதுதான் என்பது என் தீர்ப்பு. விண்டோஸ் 7ஐயும் மாற்ற வேண்டியதாயிற்று. 2024 ஜனவரி 1 முதல், விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் அதைக் கைவிட்டுவிட்டது.

எஞ்சியது பயாஸ் அப்டேட். அது இல்லாமல் ஐ5 3470ஐ எங்கள் போர்டு அடையாளம் காணாது. நடுவில் கரன்ட் போனால் போர்டு செத்துவிடும். நெய்வேலி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அனல் மின்சாரம் 1962இலிருந்து அங்கே உற்பத்தியாகிறது. ஆனாலும் எங்கள் தெருவில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் யாரும் மாவு அரைக்கத் துணிவதில்லை. யூபிஎஸ் தாங்குவது நான்கு நிமிடம், அப்டேட்டுக்கு மூன்று. அண்ணன், அண்ணி, பையன், நான் நால்வரும் மூச்சு விடாமல் நின்றோம். ஃபேனைக்கூட அண்ணி நிறுத்தியிருந்தார், காரணம் கேட்கவில்லை.

எல்லாம் பூட்டியான பிறகு ஒன்று தெரிந்தது. 1050 டிஐயில் விஜிஏ துளை கிடையாது. எங்கள் மானிட்டரில் விஜிஏ தவிர வேறு துளை கிடையாது. பையன் நீல வயரைக் கையில் வைத்துக்கொண்டு கார்டின் நாலு பக்கமும் தேடினான். எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் ஒரு சிறு துண்டு வாங்கிவந்தோம். அதுவரை இரண்டு நாள் பெட்டி திரையின்றி ஓடியது.

கணக்கு: எஸ்எம்பிஎஸ் 2,100, கார்டு 4,500, பிராசஸர் 1,600, ரேம் 1,000, எஸ்எஸ்டி 1,500, செல் 30, தெர்மல் பேஸ்ட் 120, கன்வர்ட்டர் 280. ஆக 11,130 ரூபாய். பஸ், ரயில், டீ நீங்கலாக. ஜிடிஏ 5 ஓடுகிறது. விநாடிக்கு 60 பிரேம் தொடுகிறது. 2012இன் பெட்டியில் இன்று மிஞ்சியிருப்பவை போர்டும், மானிட்டரும், சந்தனப் பொட்டுள்ள தகரமும்.

“சித்தப்பா, மானிட்டர் மட்டும்...” என்று அவன் தொடங்கியது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வாசகர்களுக்கு ஒரு செய்தி. கழற்றிய 2 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. வேண்டுபவர் மஞ்சக்குப்பம் வந்து இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் மட்டும் கொண்டுவரவும்.